குரங்குக்கும் லோரிக்கும் நடுவில் ஒரு மூடி

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் மைவி காடி (கார்) மேல் எங்கள் வீட்டு மீன்தலைக் கறியின் மிச்சம் கிடந்த அன்றுதான் குரங்கு திறக்க முடியாத குப்பைத் தொட்டி மூடி செய்யும் வேலையில் இறங்கினேன். முன்கண்ணாடியில் முள், துடைப்பான் இடுக்கில் கறிவேப்பிலை, பானட் மேல் சின்னச் சின்ன மஞ்சள் கைத்தடங்கள். ஆன்ட்டி கோபப்படவில்லை. ரப்பர் குழாயால் கழுவிக்கொண்டே, "உங்க சொந்தக்காரங்க வந்துட்டுப் போனாங்க" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

எங்கள் வீடு பினாங்கில், தண்ணீர்மலைக்குப் போகும் பாதையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கால்வாய், அதைத் தாண்டினால் மேடு, அதற்கு மேல் காடு. கொஞ்சம் நடந்தால் 1884இல் அமைத்த தாவரவியல் பூங்கா. அங்கே குரங்குக்குத் தீனி போடக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையில் சாய்ந்துகொண்டே கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பக்கம் குரங்கில் இரண்டு சாதி வரும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு, மூக்குக் கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி உட்கார்ந்திருக்கும் லோத்தோங் ஒன்று. அது பெரும்பாலும் இலை தின்னி. மரத்தை விட்டு அதிகம் இறங்காது, குப்பையைத் திரும்பியும் பார்க்காது. மற்றது கிரா, அதாவது நீண்டவால் குரங்கு. எல்லா வம்பும் இதனிடம்தான். ஆண் 5 கிலோவிலிருந்து 9 கிலோ வரை இருக்கும், பெண் அதைவிடச் சிறிது. கூட்டமாக வரும், காலை ஏழு மணிக்கே வரும். இவ்வளவு அட்டகாசம் செய்யும் இதை 2022இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலில் சேர்த்தது. நம்ப முடியவில்லை, ஆனால் எங்கள் சந்து ஒன்றை மட்டும் வைத்து உலகத்தைக் கணக்குப் போட முடியாதுதானே.

எங்கள் குப்பைத் தொட்டி வழக்கமான 120 லிட்டர் பச்சைத் தொட்டி. பின்னால் இரண்டு சக்கரம், பின்விளிம்பில் கீல் வைத்த மூடி, உயரம் சுமார் 93 செ.மீ. பினாங்கில் 2016 ஜூன் 1 முதல் குப்பையைத் தரம் பிரிப்பது கட்டாயம். தாள், டின், போத்தல் எல்லாம் தனியாகப் போய்விடுவதால் தொட்டியில் மிஞ்சுவது பெரும்பாலும் சாப்பாட்டு மிச்சம்தான். முன்பு குரங்கு தேடி எடுக்க வேண்டியிருந்தது, இப்போது நாமே பிரித்துப் பரிமாறி வைக்கிறோம்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மூடி மேல் ஒரு செங்கல். இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் ஒரு பெரிய ஆண் குரங்கு தொட்டி மேல் ஏறி, கல்லை இரண்டு கையாலும் விளிம்புக்கு நகர்த்தித் தள்ளிவிட்டு, அது விழும் சத்தத்தை ரசித்தது போல ஒரு கணம் நின்றது. அஞ்சடியில், அதாவது வீட்டு முன்நடையில், தரை ஓடு ஒன்று போச்சு. பிறகு படித்தேன்: ஆஸ்திரேலியாவின் சிட்னியில் கொண்டை வைத்த வெள்ளைக் கிளிகள் இதே போல வீட்டுக் குப்பைத் தொட்டிகளைத் திறக்கக் கற்றுக்கொண்டிருக்கின்றன. 2018க்கு முன் மூன்று வட்டாரங்களில் மட்டும் இருந்த இந்தப் பழக்கம், 2019 முடிவதற்குள் 44 வட்டாரங்களுக்குப் பரவியது என்று 2021இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கேயும் ஜனங்கள் முதலில் வைத்தது கல்தானாம். கிளி அதையும் தள்ளிவிட்டது.

அடுத்து மோட்டார் சைக்கிளில் சாமான் கட்டும் ரப்பர் கயிறு. அதன் இரு முனையிலும் கொக்கி இருக்கும். குரங்குக்கு அது வேலையே இல்லை. கொக்கியைக் கழற்றியதோடு விடாமல் கயிற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இன்னும் எங்கள் வீட்டுப் பின்னால் ஒரு மாமரக் கிளையில் சிவப்பாகத் தொங்குகிறது.

மூடியைச் சுற்றி மிளகாய்த் தூளைக் குழைத்துப் பூசலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அம்மா விடவில்லை. "வாயில்லா ஜீவன்டா, அதுவும் ஆஞ்சநேயர் வம்சம். கண்ணுல பட்டா என்னா ஆகும்?" என்றார். சனிக்கிழமைகளில் பின்வாசல் மதில் மேல் வாழைப்பழம் காணாமல் போவதற்கும் அம்மாவுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது என் சந்தேகம். ஆதாரம் கிடைக்கவில்லை.

கடைசியாக, கோபத்தில், கதவுக்குப் போடும் தாழ்ப்பாளை மூடியில் போல்ட் வைத்து முடுக்கி, அதில் ஒரு சின்னப் பூட்டும் போட்டேன். குரங்கு தோற்றது. ஆனால் தொட்டியும் காலியாகவில்லை. குப்பை லோரி வந்தது, நின்றது, எங்கள் தொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனது. சரி, மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அடுத்த முறை வாசலில் காத்திருந்தேன். இறங்கி வந்த பையன் தமிழ்ப் பையன். "என்னா அண்ணே, தோங்குக்குப் பூட்டு போட்டா நாங்க என்னா செய்றது? ஒவ்வொரு வீட்டுலயும் சாவி வாங்கிட்டு நிக்க முடியுமா?" என்றான். பூட்டைக் கழற்றித் தாழ்ப்பாளை மட்டும் விடுகிறேன் என்றேன். அவன் லோரியைக் காட்டினான். "அதுவே தூக்கும், அதுவே கவுக்கும். நாங்க தள்ளி விடுறதோட சரி. திறக்க நேரம் இல்ல."

அந்தப் பேச்சில்தான் எனக்கு வேலையின் உண்மையான அளவு தெரிந்தது. அதுவரை நான் குரங்கை மட்டும் எதிராளியாக வைத்து யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த மூடியை மூன்று பேர் தொடுகிறார்கள். குரங்குக்குத் திறக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கையில் பிளாஸ்டிக் பை இருக்கும்போதே திறக்க வேண்டும். லோரிக்காரருக்கு, அவர் ஒன்றுமே செய்யாமல், தானாகத் திறக்க வேண்டும். மூன்றாவதுதான் கடினம்.

அன்று லோரி வேலை செய்வதை நிதானமாகப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு சீப்பு போன்ற இரும்புப் பல்வரிசை இருக்கிறது. தொட்டியின் முன்விளிம்புக்குக் கீழே உள்ள பள்ளத்தில் அது கோத்துக்கொண்டு, தொட்டியைத் தூக்கி முன்பக்கமாகக் கவிழ்க்கிறது. பாதிக்கு மேல் சாய்ந்ததும் மூடி தன் எடையில் தொங்கித் திறக்கிறது. அப்புறம் இரண்டு முறை டப் டப் என்று உலுக்கல். இதிலிருந்து இரண்டு விஷயம். ஒன்று, முன்விளிம்பின் வெளிப்பக்கம் ஒரு திருகாணிகூட வைக்க முடியாது, பல்வரிசை நசுக்கிவிடும். இரண்டு, தொட்டி சாய்கிற கோணமே எனக்குச் சாவி. நிமிர்ந்து நிற்கும்போது பூட்டியும், லோரியில் கவிழும்போது திறந்தும் இருக்கிற ஒரு கொக்கி போதும்.

இப்படிப்பட்ட பூட்டு உலகத்தில் ஏற்கெனவே உண்டு. கனடாவின் டொராண்டோ நகரம் 2016இல் ரக்கூன் தொல்லைக்காகக் கொடுக்க ஆரம்பித்த உணவுக் கழிவுத் தொட்டியில், தலைகீழானால் தானாகத் திறக்கும் பூட்டுதான் இருக்கிறது. வீட்டுக்காரர் ஒரு பிடியைத் திருகித் திறக்க வேண்டும். பின்னர் ஒரு ரக்கூன் தொட்டியையே கீழே சாய்த்துப் பிடியையும் திருகிவிட்டது என்பது வேறு கதை. ஆனால் அந்தக் கதை எனக்கு முக்கியம், ஏனென்றால் எங்கள் குரங்குகளும் நாய்களும் தொட்டியைச் சாய்க்கும். அப்படி விழுந்த தொட்டி 90 பாகை சாய்ந்திருக்கும். லோரி அதைவிட அதிகம் சாய்க்கும். என் கொக்கி 90இல் பிடித்துக்கொண்டு, லோரியின் சாய்வில் விட வேண்டும்.

கரடிக்குச் செய்யும் தொட்டிகளையும் பார்த்தேன். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து வெஸ்ட் யெல்லோஸ்டோனில், காப்பகத்துக் கரடிகளிடமே தொட்டியைக் கொடுத்து 60 நிமிடம் தாங்குகிறதா என்று சோதிக்கிறார்கள். அந்தத் தொட்டிகளில் பல, தாழை ஒரு சின்னப் பொந்துக்குள் ஒளித்து வைத்திருக்கும். மனிதக் கை நுழையும், கரடியின் பாதம் நுழையாது. நல்ல யோசனை, ஆனால் இங்கே தலைகீழ். என் கை நுழைகிற எந்தப் பொந்திலும் குரங்கின் கை இன்னும் வசதியாக நுழையும். விரல் வேலையில் அதனிடம் போட்டி போட முடியாது. நம்மிடம் அதைவிட அதிகமாக இருப்பது உயரம்தான். வால் நீங்கலாகக் குரங்கின் உடம்பு அரை மீட்டர் சொச்சம். ஆகவே திறக்கும் விசை தரைக்குப் பக்கத்திலும், தூக்க வேண்டிய மூடி 90 செ.மீ. மேலேயும் இருந்து, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால்தான் திறக்கும் என்று வைத்தால்? நமக்குக் காலால் மிதித்துக் கையால் தூக்குவது. ஒற்றைக் குரங்குக்கு எட்டாது.

முதல் கொக்கியைத் தொட்டிக்குள்ளே, முன்சுவரில் வைத்தேன். கண்ணில் படாது, சீப்புப் பல்லுக்கும் இடைஞ்சல் இல்லை என்ற கணக்கு. ஒரு போல்ட்டில் ஆடும் கொக்கி, கீழே தொங்கும் எடை, மூடியின் அடியில் ஒரு வளையம். எடை தொங்குவதால் கொக்கி வளையத்தைப் பிடித்திருக்கும். கையால் சாய்த்துப் பார்த்தேன், அருமையாக வேலை செய்தது. காலித் தொட்டியில். குப்பை நிறைந்ததும் பைகள் எடையை மேலே தள்ளிவிட, கொக்கி தானாக விலகிவிட்டது. நிறைந்திருக்கும்போதுதான் பூட்டு வேண்டும், அப்போதுதான் அது திறந்திருந்தது. அதோடு, கறித்தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் பட்டு, இரும்புக் கொக்கி பத்தே நாளில் பழைய ஆணி மாதிரி ஆகிவிட்டது. சரி, வெளியே வா என்று அதைப் பிடுங்கினேன்.

இரண்டாவது கொக்கி வலது பக்கச் சுவரின் வெளியே. மூடியின் பக்க ஓரத்திலிருந்து ஒரு முளை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கொக்கியின் மூக்கு அதன் மேல் கவ்வும். கொக்கி தொட்டிச் சுவரை ஒட்டித் தட்டையாக ஆடும். இதற்கு, கேட்டும் கிரில்லும் செய்யும் பட்டறையில் 3 மி.மீ. எவர்சில்வர் தகட்டுத் துண்டு ஒன்று கேட்டேன். தவ்கே, அதாவது பட்டறை முதலாளி, எடை போட்டுப் பத்து வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார், வரைந்து கொடுத்த அட்டையை வைத்து வெட்டியும் கொடுத்தார். 304 ரகம். கடல் காற்று அடிக்கும் ஊரில் சாதாரண இரும்பைக் கொண்டு செய்தால் திரும்பவும் செய்ய வேண்டும்.

லோரி நாள் வந்தது. தொட்டி தூக்கப்பட்டது, கவிழ்ந்தது, உலுக்கப்பட்டது. மூடி திறக்கவே இல்லை. குப்பை உள்ளேயே மூடி மேல் படுத்துக் கிடந்தது. தம்பி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. பல்வரிசையை இறக்கி, கொக்கியைக் கையால் தட்டி, மீண்டும் தூக்கினான். மற்ற இரண்டு பேரும் லோரியில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒரு பலகை, ஒரு குண்டூசி, மைலோ பெட்டி அட்டையில் வெட்டிய கொக்கி, எடைக்கு ஒட்டிய மூன்று ஐம்பது காசு நாணயங்கள். பலகையைத் தொட்டி போலச் சாய்த்துக்கொண்டே போய், கொக்கி எப்போது விடுகிறது என்று பார்த்தேன். கைப்பேசியில் கோணம் காட்டும் செயலியைப் பலகையில் கட்டி வைத்தேன். இரண்டு மணி நேரம் விளையாடிய பிறகுதான் என் தவறு புரிந்தது. எடை நேர்கீழே தொங்கினால் தொட்டி கிட்டத்தட்டத் தலைகீழாக, 180 பாகை வரை போனால்தான் கொக்கி விடும். எடை இருக்கும் கை செங்குத்திலிருந்து பின்பக்கமாக, கீல் இருக்கும் திசையில், விலகி நிற்க வேண்டும். எத்தனை பாகை விலகுகிறதோ அதை 180இல் கழித்தால் திறக்கும் சாய்வு கிடைக்கும். என் முதல் கை 15 பாகைதான் விலகியிருந்தது, அதாவது 165இல் திறக்கும். எங்கள் சந்துக்கு வரும் லோரி அவ்வளவு கவிழ்ப்பதில்லை. நான் பக்கவாட்டில் எடுத்த படத்தில் அளந்தால் 135க்குக் கொஞ்சம் மேல்.

ஆகவே கையை 60 பாகை பின்னால் தள்ளினேன். திறப்பது 120 பாகையில். முன்பக்கமாகத் தரையில் விழுந்த தொட்டிக்கு 90தான், இன்னும் 30 பாகை கையிருப்பு இருக்கிறது. இதற்கு ஒரு விலை உண்டு. தொட்டி பின்பக்கமாகச் சாய்ந்தால் 60 பாகையிலேயே கொக்கி விட்டுவிடும். சக்கரத்தில் இழுத்துப் போகும்போது நாம் சாய்ப்பது 45க்குள்தான், அதனால் பரவாயில்லை. நிற்கும் இடத்தில் பின்னால் மதில் இருக்கிறது, அந்தப் பக்கம் விழ வழியில்லை. பக்கவாட்டில் விழுந்தால்? அப்போது எடை எந்தப் பக்கமும் இழுக்காது, உராய்வு விட்ட வழி. அந்த வம்பே வேண்டாம் என்று மதிலில் ஒரு வளையம் அடித்து, தொட்டியின் கைப்பிடியைச் சின்னச் சங்கிலியில் மாட்டினேன். லோரி நாளில் மட்டும் அதைக் கழற்றி வெளியே தள்ள வேண்டும்.

அட்டையில் சரியாக வந்தது நிஜத்தில் மறுபடியும் முரண்டியது. காலித் தொட்டியைச் சாய்த்தால் 122, 123 பாகையில் அழகாக விட்டது. உள்ளே பத்து கிலோ அரிசி மூட்டையை வைத்துச் சாய்த்தால் விடவில்லை. காரணம் கண்ணுக்கே தெரிந்தது. 90ஐத் தாண்டியதும் உள்ளே இருப்பது எல்லாம் மூடி மேல் வந்து உட்காருகிறது. அந்த எடை முளையைக் கொக்கியின் மூக்கில் அழுத்துகிறது. கொக்கி நகர முடியாமல் இறுகிவிடுகிறது. மூக்கின் முகத்தைச் சரிவாக அரைத்தால் அழுத்தமே அதை வெளியே தள்ளும், ஆனால் குரங்கு மூடியைப் பிடித்து இழுத்தாலும் அதே சரிவு அதே வேலையைச் செய்யும். அங்கேயே இரண்டு வாரம் நின்றுவிட்டேன்.

தீர்வு என் மகளின் பழைய ரோலர் ஸ்கேட்டில் இருந்தது. அதன் சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங், 8 மி.மீ. துளை, 22 மி.மீ. விட்டம். அதை 8 மி.மீ. போல்ட்டில் கோத்து, மூடியின் முளையாக வைத்தேன். இப்போது கொக்கியின் மூக்கு உராயாமல் பேரிங் மேல் உருண்டு விலகும். மூக்கின் உள்முகத்தை, கொக்கியின் அச்சாணியை மையமாக வைத்துக் காம்பஸில் வரைந்த வட்டத் துண்டாக அரைத்தேன். அப்படி இருந்தால் மூடியை எவ்வளவு பலமாக இழுத்தாலும் கொக்கியைத் திருப்பாது, ஆனால் எடை சின்னதாகத் தள்ளினாலும் உருளும். எடையையும் கூட்டினேன்: தூண்டில் கடையில் வாங்கிய ஈயக் குண்டுகள் 400 கிராம், ஒரு பிவிசி குழாய்த் துண்டில் அடைத்து இரண்டு பக்கமும் மூடி போட்டது. அரிசி மூட்டையோடு சாய்த்தேன். 130இல் விட்டது. மூட்டை தரையில் விழுந்து பிரிந்துபோனதைச் சத்தம் கேட்டு வந்து பார்த்த மனைவி, "சோதனைக்கு மண் மூட்டை கிடைக்கலையா?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி.

ஸ்கேட் பேரிங் சாதாரண எஃகு, மழையில் துருப்பிடித்துச் சிக்கியது. எட்டு வெள்ளிக்கு எவர்சில்வர் பேரிங் வாங்கி மாற்றினேன். முதலிலேயே செய்திருக்கலாம்.

இனி மிதி. பழைய சைக்கிளின் பிரேக் கம்பியும் அதன் பிடியும். பிடியைத் தொட்டியின் வலது பக்கத்தில், சக்கர அச்சுக்கு மேலே, காலால் மிதிக்கும்படி பொருத்தினேன். கம்பி மூலையோரமாக மேலே ஏறி, கொக்கியின் எடைக் கையைத் தூக்கும். இங்கேயும் ஒரு சில்லறைப் பிரச்சினை: மிதியை விட்ட பிறகு கம்பியின் உராய்வு கொக்கியைத் திரும்பி விழ விடவில்லை. கம்பி முனையை நேரே கட்டாமல் இடையில் நான்கு கண்ணி நீளச் சங்கிலி வைத்தேன். சங்கிலி இழுக்கும், தள்ளாது, தடுக்கவும் செய்யாது. மிதியை விட்டதும் அது தளர்ந்துகொள்ள, கொக்கி தன் எடையில் தானாக விழுகிறது. மூக்கின் மேல்பக்கம் சரிவாக இருப்பதால் மூடியைத் தட்டி மூடினாலே க்ளிக்கென்று பூட்டிக்கொள்ளும்.

கொக்கி வெளியே இருப்பதால் அதன் மேல் ஒரு மூடாக்கு வேண்டும், இல்லாவிட்டால் குரங்கு எடைக் கையைத் தூக்கிவிடும். மின்கம்பி இணைப்புக்கு வைக்கும் பிவிசி பெட்டியைக் கவிழ்த்து, முளைக்கு மேலே ஒரு பிளவு வெட்டி, அடியை மட்டும் விரல் நுழையாத அளவு திறந்து விட்டேன். தண்ணீர் வடிய வேண்டுமே.

பொருத்துவது பற்றி ஒன்று. இந்தத் தொட்டிகள் எச்டிபிஇ பிளாஸ்டிக். அதில் சாதாரணப் பசை எதுவும் சரியாக ஒட்டாது. எபாக்சி காய்ந்ததும் ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வந்தது. ரிவெட் அடித்தால் பிளாஸ்டிக் வழியாகவே பிய்த்துக்கொண்டு வரும். 6 மி.மீ. போல்ட், உள்ளேயும் வெளியேயும் பெரிய வாஷர், தளராத நைலான் நட். அவ்வளவுதான் வழி.

பூட்டிய பிறகும் குரங்கு முதல் நாளே ஒரு வழி கண்டுபிடித்தது. பூட்டு வலது பக்கம், மூடியோ மெல்லிய பிளாஸ்டிக். இடது முன்மூலையை இரண்டு கையாலும் வளைத்துத் தூக்கி, அந்த இடுக்கில் இன்னொரு கையை விட்டு, அதாவது அதன் கூட்டாளி கையை விட்டு, ரம்புத்தான் தோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது. மூடியின் அடியில் முன்விளிம்பை ஒட்டி 25 மி.மீ. அலுமினிய ஆங்கிள் ஒன்றை மூலைக்கு மூலை போல்ட் வைத்து முடுக்கினேன். மூடி இப்போது வளைவதில்லை. பிறகு கீல் பக்கம் போனது. அங்கே இருந்த பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று காணாமல் போயிருந்தது, யார் எடுத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டையும் நீக்கி ஒரே எவர்சில்வர் கம்பியை ஊடே விட்டு, முனைகளில் பிளவூசி போட்டேன்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் எல்லாம் முடிந்தது. எங்கள் பக்கம் அதுதான் பெரிய பரீட்சை. ரதம் வரும் பாதை முழுக்க உடைக்கும் தேங்காய், தண்ணீர்ப் பந்தல்களில் கொடுக்கும் சாப்பாட்டுப் பொட்டலம், வீடு நிறைய உறவுக்காரர்கள், மூன்று நாளில் தொட்டி பிதுங்கும். குரங்குகளுக்கும் அது திருவிழாதான். இரண்டாம் நாள் காலை மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். ஏழெட்டு வந்தன. பெரியது மூடி மேல் உட்கார்ந்து விளிம்பை இழுத்தது. ஒரு குட்டி பெட்டியின் பிளவில் விரல் விட்டுப் பார்த்தது. இன்னொன்று கீழே இறங்கி, சரியாக மிதியின் மேலேயே ஏறி நின்று சந்துப் பக்கம் பார்த்தது. எனக்கு மூச்சு நின்றது. அந்த நேரம் மேலே இருந்தது தன் வாலில் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே நின்றது இறங்கியதும் கொக்கி க்ளிக்கென்று விழுந்தது. ஜன்னல் வரை கேட்டது, அல்லது கேட்டதாக எனக்குத் தோன்றியது.

அவை எப்போதாவது இருவராகச் சேர்ந்து செய்துவிடலாம். அந்த நாள் வந்தால் மிதிக்கு ஒரு வலுவான ஸ்பிரிங் போட இடம் விட்டு வைத்திருக்கிறேன். ஆனால் ஸ்பிரிங் போட்டால் அம்மாவால் மிதிக்க முடியாது. இப்போதே முழங்கால் வலி என்று காலால் மிதிப்பதில்லை, ஊன்றுகோலின் நுனியால் அழுத்தி மறுகையால் மூடியைத் தூக்குகிறார். பார்க்க எனக்கே பொறாமையாக இருக்கிறது, அவ்வளவு லாகவம்.

லோரித் தம்பி முதல் தடவை தொட்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதே கையைக் கொக்கிப் பக்கம் வைத்திருந்தான். பழைய அனுபவம். தூக்கியது, கவிழ்ந்தது, முதல் உலுக்கலுக்கு முன்பே மூடி விரிந்தது. "தானா திறக்குது அண்ணே" என்றான். ஒரு கட்டை விரல் உயர்ந்தது. உள்ளே ஹார்ன் அடித்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மட்டும் தொட்டி பூட்டவில்லை. பெட்டியைக் கழற்றினால் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது, எடைக் கை அதில் முட்டி நின்றது. இப்போது மாதம் ஒரு தடவை அடியிலிருந்து ஒரு பழைய பல்துலக்கியை விட்டுக் கிளறுகிறேன். பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய். செலவு எல்லாம் சேர்த்து எழுபது வெள்ளிக்குள்தான் ஆனது, அதில் வீணான பேரிங்கும் அரிசியும் சேர்த்தி இல்லை.

குரங்குகள் எங்கள் தொட்டியை விட்டுவிட்டன. இப்போது ஆன்ட்டியின் தொட்டிக்குப் போகின்றன. போன வாரம் எங்கள் வாசலில் டுரியான் கொட்டை கிடந்தது, நாங்கள் டுரியான் வாங்கவே இல்லை. ஆன்ட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "எனக்கு எப்போ செய்வே?" என்று கேட்டார். தகடு வாங்கிவிட்டேன். அவர் தொட்டி 240 லிட்டர், மூடி அகலம் அதிகம். அதனால் இரண்டு பக்கமும் கொக்கி வைத்து, ஒரே மிதியில் இரண்டு கம்பியையும் இழுக்க வேண்டும். மைலோ அட்டையில் வெட்டியாகிவிட்டது. இந்த முறை சோதனைக்கு மண் மூட்டை.